வெறுங்கையாக மூன்று நிமிடம்

…ஒன்று, என்று எண்ணினேன், மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது, ஆனால் ஒன்று என்று தலைக்குள் சொன்னது என் குரலாக இல்லை, மேலே ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும் நர்ஸின் குரலாக இருந்தது, ஒண்ணு குறையுது மேடம், பத்து கிளாம்ப்ல ஒன்பதுதான் கையில இருக்கு, வயித்த இன்னும் மூடல, உங்க பக்கம் ஒரு தடவை தேடிப் பாருங்க… பத்து மணி ஐம்பத்திரண்டுக்கு வந்த ஃபோன் அது. கொஞ்சமும் பதறாமல் சொன்னாள். பதற்றத்தை விழுங்கிவிட்டுப் பேசுகிறவர்களின் குரல் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கும், மூன்று மாதமாக நானே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டு. இரண்டு பேர் எண்ணியிருக்க வேண்டிய தட்டு அது, நேற்று இங்கே என் ஆள் ஒருத்தி, இன்று காலை மேலே அந்த நர்ஸ், ஆனால் வந்தது அவசரக் கேஸ், குடல் வெடித்த நிலையில் ஒரு பெண், தட்டைத் திறந்தவுடன் எண்ண நேரமில்லாமல் எங்கள் சீட்டில் பத்து என்று இருந்ததைப் பார்த்துத் தானும் பத்து என்றே எழுதிவிட்டாளாம், அதையும் அவளே சொன்னாள், மறைக்கவில்லை. ஆக, எண்ணியது ஒருத்திதான். எக்ஸ்ரே வண்டியை வேறு மாடியிலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறார்கள், அதுவரை அந்தப் பெண் திறந்த வயிற்றோடு, மயக்கத்தில், அவள் யாருக்கு அம்மாவோ, வெளியே பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ… மூச்சைக் கவனி. மூச்சை மட்டும்.

எங்கள் வேலையே எண்ணுவதுதான். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத மூன்று அறைகள், மேலே உபயோகித்த கத்தியும் கத்திரிக்கோலும் ரத்தக் குழாயைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்பும் ரத்தக் கறையோடு லிஃப்டில் இறங்கி வரும், கழுவுவோம், விளக்குக் கண்ணாடி என்கிற பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒவ்வொன்றாகப் பார்ப்போம், எண்ணித் தட்டில் அடுக்குவோம், துணியில் சுற்றி நீராவியில் வேகவைத்து மறுபடி மேலே அனுப்புவோம், ஐந்து பேர், அவர்களுக்குத் தலைவி நான். நீராவி இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஆவி என்றே பெயராகிவிட்டது, ஆவி வந்துட்டாரா, ஆவி சாப்பிட்டாச்சா என்று நாங்கள் கேட்பதைப் பார்த்துப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாள் திடுக்கிடுவார்கள். அந்தத் தட்டை எண்ணியவள் ரேடியோ. வாய் ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர், மாமியாரிலிருந்து மழை வரைக்கும் எல்லாச் செய்தியும் அவளிடம் உண்டு, எட்டு வருடத்தில் ஒரு தட்டு தப்பாகப் போனதில்லை. ஃபோனை வைத்ததும் எல்லாரும் தேடினோம், கழுவும் தொட்டியின் கூடைகளை, தரையை, சாக்கடை வலையை, ஆவி தன் இயந்திரத்துக்கு அடியில் மார்பு தரையில் பட விளக்கடித்துப் பார்த்தார், ஒரு திருகாணி கிடைத்தது, இது எந்தக் காலத்து மெஷினோடதோ என்றார், யாரும் சிரிக்கவில்லை. ரேடியோ அந்தத் தட்டின் சீட்டை என்னிடம் நீட்டினாள், வாயைத் திறந்தாள், என் தொண்டையில் பழைய கத்தல் கொதித்து நாக்கு வரைக்கும் வந்துவிட்டது, பத்து எண்ணத் தெரியாதா உனக்கு, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியுமேடி, உள்ள ஒரு உசுரு கிடக்கு… அப்போதுதான் சுவரில் பதினொரு மணி மணியடித்தது. தினசரி மூன்று நிமிட நிறுத்தம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இன்னிக்கு வேணாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எக்ஸ்ரே வர எப்படியும் ஐந்து நிமிடம் ஆகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன், மூணு நிமிஷம் என்றேன், கையிலிருந்ததை எல்லாரும் கீழே வைத்தார்கள், நான் கண்ணை மூடினேன், அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க. மூன்று.

மூன்று… எங்கே விட்டேன். அந்த மணியை நான்தான் மாட்டினேன், என் சொந்தச் செலவில், ஏணியில் ஏறி, ஆணி அடித்து. இவர், என் வீட்டுக்காரர், இறந்துபோன மூன்றாவது வாரம் வேலைக்குத் திரும்பி வந்தவள் ஒரு மாதத்துக்குள் எல்லாரையும் குதறிவிட்டேன், அதற்கு முன்னாலும் நான் அமைதிப் பிறவி கிடையாது, ஆனால் முன்பெல்லாம் கத்தினால் பத்து நிமிடத்தில் டீ வாங்கிக் கொடுத்துவிடுவேன், அதன்பிறகு டீயும் இல்லை, ஒரு நாள் காலித் தட்டொன்றை வீசினேன், யார் மேலும் படவில்லை, சுவரில் பட்டது, இப்போதும் அங்கே பிறை மாதிரி ஒரு தடம் இருக்கிறது. ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தார்கள், ரேடியோவின் கையெழுத்து மூன்றாவது, மற்றவர்களுடையதைவிடச் சின்னதாக. சூப்பரின்டெண்டண்ட் அதைப் படித்துக் காட்டிவிட்டு, இன்னொரு கடிதம் வந்துச்சுன்னா ஸ்டோர்ல பஞ்சு மூட்டைக்குக் காவல் இருக்கவேண்டியதுதான், வீட்டு நிலைமை எனக்குப் புரியுது, ஆனா இவங்களும் மனுஷங்கதானே என்றார். பயிற்சிக்கு அனுப்பினார். பயிற்சி கொடுத்தவர் என் மகள் வயசுக்காரர், பஞ்சு மாதிரிப் பேசுவார், நீங்க நின்னாத்தான் மத்தவங்க நிப்பாங்க என்றார், பேசறதுக்கு முன்னாடி மூணு நிமிஷம் நில்லுங்க, மூச்சைப் பத்து வரைக்கும் எண்ணுங்க, நடுவுல விட்டுப்போச்சா, கவலையே படாதீங்க, மறுபடி ஒண்ணுலருந்து ஆரம்பிங்க, யாரும் அடிக்கப்போறதில்ல. எனக்கு அழுகை வந்தது. அத்தனை பேர் நடுவில், இவர் போனபோது வராத அழுகை, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று ஒருவர் சொன்னதற்காக வந்தது. இன்னொன்றும் சொன்னார், கை காலியா இருக்கணும், கையில எதையாவது பிடிச்சிட்டிருந்தா மனசும் பிடிச்சிட்டிருக்கும். அதைப் பெரிய எழுத்தில் எழுதி எண்ணும் மேஜைக்கு மேலே ஒட்டினேன். கையில் எதுவும் இருக்கக் கூடாது.

நான்கு. அந்தச் சீட்டில் ஒரு நேரம் போட்டிருந்தது. பார்த்தேன், பார்க்காத மாதிரி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன், இப்போது துணி வழியாக அது மார்பைச் சுடுகிற மாதிரி இருக்கிறது. தட்டு முடிந்த நேரம், நேற்று, பதினொன்று நான்கு. ஒரு தட்டை எண்ணி அடுக்கி முடிக்க எட்டு நிமிடமாவது ஆகும். பதினொரு மணிக்கு மணி அடித்தது, பதினொன்று மூன்றுக்கு மறுபடி அடித்தது. அப்படியானால் அவள் எண்ணிக்கொண்டிருந்தபோது… வேண்டாம், மூச்சு, மூச்சு உள்ளே போகிறது. பத்து கிளாம்ப்பும் ஒரே மாதிரி இருக்கும், ஒரு கம்பியில் வரிசையாகக் கோத்துவைப்போம், ஒவ்வொன்றையும் விளக்குக் கண்ணாடிக்குக் கீழே பிடித்துப் பல் சரியாகக் கவ்வுகிறதா என்று பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிட்டுக் கம்பியில் கோக்கவேண்டும். ஒண்ணு, கோ. ரெண்டு, கோ. அவள் பத்து என்று சொல்லியிருப்பாள். சொன்ன வாய் மூடுவதற்குள் மணி. கையில் எதுவும் இருக்கக் கூடாது. என்ன செய்வாள், கோக்காமல் கீழே வைப்பாள், கண்ணை மூடுவாள், மூன்று நிமிடம் மாமியாரை நினைப்பாளோ பிள்ளையை நினைப்பாளோ, கண்ணைத் திறக்கும்போது வாயில் பத்து இருக்கிறது, பத்து சொல்லியாச்சு, கையெழுத்து. ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம் என்று எனக்குச் சொன்னவர்கள் உண்டு. அவளுக்கு யார் சொன்னார்கள்? பின்னால் பன்னிரண்டு தட்டு காத்திருக்கும்போது கம்பியைப் பிரித்து மறுபடி எண்ணு என்று நான் சொன்னேனா? சொல்லவில்லை. அமைதியாக இருங்கள் என்றேன். அந்த விளக்குக் கண்ணாடி இவர் கொடுத்தது, இவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை, உங்க ஆளுங்க கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்கறாங்க, பாவம், இதை வைன்னு தன் கடை மேஜையிலிருந்தே கழற்றிக் கொடுத்தார்… அதற்குக் கீழேதான் நேற்று அந்தக் கிளாம்ப் கடைசியாக ஒரு கையில் இருந்தது.

யாரோ நடக்கிறார்கள். நிறுத்தத்தில் யாரும் நடக்கக் கூடாது. ரப்பர் செருப்புச் சத்தம், மெல்ல, தூங்குகிற வீட்டில் நடக்கிற மாதிரி. பிறகு ஒரு மூடி திறக்கிற சத்தம், அழுக்குத் துணி போடும் பெட்டியின் தகர மூடி, அதைச் சத்தமில்லாமல் திறக்க யாராலும் முடியாது. எரிச்சல் ஏறியது எனக்கு, ஒரு மூன்று நிமிடம் சும்மா நிற்க முடியவில்லையா, நான் என்ன எனக்காகவா செய்கிறேன்… எனக்காகத்தான் செய்கிறேனோ? ஐந்து, இல்லை நான்கு. விட்டுவிட்டது. ஒன்று. பிழைப் புத்தகம் என்று ஒன்று வைத்திருக்கிறோம், அவரவர் செய்த தப்பை அவரவரே எழுதவேண்டும், நான் கத்திக்கொண்டிருந்த காலத்தில் வாரத்துக்கு ஒரு பக்கம் நிறையும், எப்படியும் இந்தம்மா கண்டுபிடிச்சுக் கத்தத்தான் போகுது, முன்னாடியே எழுதிட்டாப் பாதிக் கத்தல்தான் என்று ஆவி என் காதுபடவே சொல்வார். மணி மாட்டிய பிறகு ஒரு வரிகூட இல்லை. மூன்று மாதம், வெள்ளைப் பக்கம். அதைத்தான் சூப்பரின்டெண்டண்டிடம் கொண்டுபோய்க் காட்டினேன், பார்த்தீங்களா சார் என்று, ரொம்ப மாறிட்டீங்க என்று கைகொடுத்தார், ஒரு பாராட்டுக் கடிதம்கூட வந்தது. மகள் கூப்பிட்டபோது ஃபோனில் அதைப் படித்துக் காட்டினேன். நல்லதும்மா என்றாள், பிறகு சொன்னாள், முன்னாடி நீ கத்துவ, உனக்கு என்ன கோவம்னு தெரியும், இப்ப நீ பேசறதுக்கு முன்னாடி மூச்சு விடறது ஃபோன்ல கேக்குதும்மா. நான் அதற்கும் மூச்சு விட்டேன். நான் வெச்சுடறேன்மா என்றாள். என்னவோ சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள், அது என்னவென்று இன்றுவரை கேட்கவில்லை. ரேடியோவும்தான், எட்டு வருடம் ஓயாத வாய் இந்த மூன்று மாதமாக அடங்கிக் கிடக்கிறது, நான் அதை ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டேன்… இரண்டு. மூன்று.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது, கிட்டே, இன்னும் கிட்டே, என் முன்னால் வந்து நின்றது. சோப்பு நீர் வாசனை. யாரோ மூச்சு வாங்குகிறார்கள், என் மூச்சைவிட வேகமாக. ரேடியோதான், மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன், கேட்கட்டும், முடியட்டும், பத்து வரைக்கும் எண்ணிவிட்டுத்தான் கண்ணைத் திறப்பேன், இப்போது திறந்தால் கத்திவிடுவேன், கத்தினால் இன்னொரு கடிதம், பஞ்சு மூட்டை, நாலு. ஐந்து. யாரோ ஒருவர் முன்னால் வந்து ஒன்றும் சொல்லாமல் நிற்கும்போது காற்றில் ஒரு கனம் உண்டாகும், கண்ணை மூடியிருந்தாலும் இமை மேல் அது தெரியும். ஆறு. எனக்கு அந்தக் கனம் தெரியும். ஏழு. இதே கனத்தை முதுகில் ஒரு தடவை… அன்று ஞாயிற்றுக்கிழமை, விடுப்பு நாள், வீட்டுச் சமையலறையில் நின்று இங்கே வேலையிலிருந்தவர்களோடு ஃபோனில் கத்திக்கொண்டிருந்தேன், இயந்திரம் ஒன்று பாதியில் நின்றுபோயிருந்தது, இவர் வந்து கதவோரம் நின்றார். ஏம்மா என்றார். நான் திரும்பவில்லை, ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன், ஒரு நிமிஷம். அவர் கொஞ்சம் நின்றார், முதுகில் தெரிந்தது. சரி, நீ பேசு, என்றார். அவ்வளவுதான். அந்த ஃபோன் பேச்சு பதினொரு நிமிடம் இருபது நொடி, பதிவில் இன்னும் இருக்கிறது, அழிக்கவில்லை. முடித்துவிட்டு என்னங்க கூப்பிட்டீங்களே என்று வெளியே வந்தால் வாசலுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், சுவரில் சாய்ந்து, ஒரு காலில் ஷூ, இன்னொன்று மடியில், கயிறு அவிழ்த்தபடி, மூச்சில்லாமல். தானாகவே டாக்டரிடம் போய்விட்டு வந்துவிடலாம் என்று நினைத்திருப்பார், பேசிக்கொண்டிருக்கிறாள், எதற்குத் தொந்தரவு என்று. கோபக்காரி என்று பயந்து உடம்புக்கு முடியாததை என்னிடம் சொல்லாமல் போய்விட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன், அதனால்தான் கோபத்தை அடக்கினால் போதும் என்று… ஆனால் அவர் பயப்படவில்லையே, என்னிடம் அவர் ஒரு நாளும் பயந்ததில்லையே, நின்றாரே, நான் விரலைத் தூக்கும்வரைக்கும் நின்றாரே.

கண்ணைத் திறந்தேன். சுவர்க் கடிகாரத்தில் இன்னும் முப்பத்தைந்து நொடி பாக்கி இருந்தது. எதிரில் ரேடியோ. இடது கையில் மேஜையில் விரிக்கும் துண்டு ஒன்று, பாதி பிரிந்து தொங்கியது, வலது உள்ளங்கையில் கிளாம்ப். கன்னமெல்லாம் நனைந்திருந்தது, உதட்டை இறுகக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் நின்றிருந்தார்கள், எல்லாரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு.

"எங்கடி இருந்துச்சு?"

"துண்டுலக்கா. மணி அடிச்சதும் கையில இருந்ததக் கீழ வெச்சேன்ல, அப்பத்தான் நேத்தும் இப்படித்தானே வெச்சோம்னு பொறி தட்டுச்சு. துண்டோட சேர்த்து உருட்டி அழுக்குல போட்டிருக்கேன்."

"எவ்வளவு நேரமா நிக்கிற?"

"ஒரு நிமிஷம் இருக்கும்க்கா."

"கூப்பிட வேண்டியதுதானே! வாயில என்ன கொழுக்கட்டையா?"

கத்திவிட்டேன். அறை முழுக்க எதிரொலித்தது. ஆவிதான் பதில் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு, நாந்தான்மா கூப்பிட வேணாம்னு ஜாடை காட்டினேன், இன்னும் கொஞ்ச நேரந்தானே, நீங்க நிம்மதியா இருக்கறதே இந்த மூணு நிமிஷம்தான்னு… ஒரு நிமிடம். மேலே ஒரு வயிறு திறந்து கிடக்க, கீழே ஐந்து பேர் என் நிம்மதியைக் காவல் காத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றிருக்கிறார்கள். அவர்கள் பயந்து நிற்கவில்லை. பயந்து நின்றிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கிளாம்ப்பைப் பிடுங்கி விளக்குக் கண்ணாடிக்குக் கீழே பிடித்தேன், தண்டில் பொறித்த எண் தெரிந்தது, ஏழாம் தட்டு, பத்தாவது. அதேதான். ஃபோனை எடுத்துத் தியேட்டர் எண்ணை அழுத்தினேன், ஒரு மணி, இரண்டு மணி, எடுங்களேன், மூன்றாவதில் எடுத்தாள். கிடைச்சிருச்சு, இங்கதான் இருந்துச்சு, உங்க தட்டுக்கு வரவே இல்லை என்றேன், எண்ணைச் சொன்னேன், மறுபடி சொல்லச் சொன்னாள், சொன்னேன், ஒரு நிமிஷம் மேடம், டாக்டர்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன், வெச்சுடாதீங்க என்று ரிசீவரை எங்கோ வைத்தாள். தூரத்தில் யாரோ பெருமூச்சு விடுவது கேட்டது, ஏதோ உலோகம் உலோகத்தில் படுகிற சத்தம், மூடலாம் என்று ஒரு ஆண் குரல். மேஜையில் சாய்ந்தேன். சுவரில் நிறுத்தம் முடிந்த மணி அடித்தது, யாரும் நகரவில்லை.

"அக்கா," என்றாள் ரேடியோ, பக்கத்தில் வந்து, தணிந்த குரலில். "இன்னொண்ணு…"

ஃபோன் மறுபடி உயிர்பெற்றது, மேடம் இருக்கீங்களா, அந்த எண்ணை எழுத்துல அனுப்பணும், கையெழுத்தோட, என்று நர்ஸ் தொடங்கினாள், இருக்கேன், சொல்லுங்க, என்றேன். சொல்லிக்கொண்டே பார்த்தேன், ரேடியோவின் வாய் மூடியிருந்தது, அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, முகத்துக்குப் பக்கத்தில் வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். என் விரல். ஒரு நிமிஷம் என்று நேராகத் தூக்கி நின்றுகொண்டிருந்தது, எப்போது தூக்கினேன் என்று எனக்கே தெரியாது.

மடக்கினேன். "என்ன? சொல்லு," என்றேன், நர்ஸ் காதில் பேசிக்கொண்டிருக்கும்போதே.

"பரவால்லக்கா. நீங்க பேசுங்க."

திரும்பினாள். ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு எட்டி அவள் கையைப் பிடித்துவிட்டேன், ஈரம் காயாத மணிக்கட்டு, அது திமிறவில்லை, நிற்கவும் இல்லை, கொஞ்சமாக என் பிடியிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. மேடம், கேக்குதா மேடம் என்றது ஃபோன். என்ன கேட்டால் இவள் சொல்லுவாள் என்று யோசித்தேன். அன்று கதவோரம் நின்ற அவரிடமும் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று அதுவரை ஒரு தடவைகூட நான் யோசித்ததில்லை.